அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் லீக்குகளில் பெற்றோர் ஏன் கொதிக்கிறார்கள்?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், அமெரிக்க ஊர்களில் சிறுவர் பேஸ்பால் நடத்தும் லிட்டில் லீக் அமைப்புகள் தங்கள் ஆல்ஸ்டார் அணியை அறிவிக்கின்றன. வசந்த காலம் முழுவதும் ஊருக்குள் ஆடிய பிள்ளைகளில் சிறந்தவர்களைத் திரட்டி, பக்கத்து ஊர்களோடு மோத அனுப்பும் அணி அது. வென்றுகொண்டே போனால் மாவட்டம், மாநிலம், வட்டாரம் என்று கடந்து, ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் உலகத் தொடர் வரை போகலாம். பன்னிரண்டு வயதுப் பிரிவில் ஆறு அணிகள் உள்ள ஊர் என்றால், எழுபது பிள்ளைகளாவது ஆடியிருப்பார்கள். பட்டியலில் இடம்பெறுவது பன்னிரண்டு, பதின்மூன்று பேர். அதைப் பார்க்கும் பெற்றோர் முதலில் தேடுவது தம் பிள்ளையின் பெயரை. அடுத்து, இதில் எத்தனை பேர் மேனேஜர்களின், அதாவது அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களின் பிள்ளைகள், எத்தனை பேர் நிர்வாகக் குழுவினரின் பிள்ளைகள் என்று எண்ணுகிறார்கள்.

தந்தை பயிற்சி கொடுப்பதால் மகன் பந்து எறியும் பிட்சராக நிற்பதும், மற்றவர் பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்திருப்பதும் அங்கே ‘டாடி பால்’ என்று அழைக்கப்படுகிறது. குறை சொல்லும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு மனிதரைக் கைகாட்டுகிறார்கள்: அந்த மேனேஜர் சரியில்லை, இந்தத் தலைவர் ஆள் பார்த்துச் செய்கிறார் என்று. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் மாறினாலும் அதே புகார் அடுத்த ஆண்டும் வருகிறது. ஊர் மாறினாலும் வருகிறது. அப்படியென்றால் கோளாறு ஆளைத் தாண்டி இருக்கிறது. இந்த லீக்குகளில் முடிவெடுக்கும் ஏறக்குறைய எல்லாருடைய பிள்ளைகளும் அந்த முடிவால் ஆதாயமோ நட்டமோ அடையும் இடத்தில் நிற்கிறார்கள். பெற்றோரின் ஆத்திரத்துக்கு வேர் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1939இல் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர், தன் உறவுச் சிறுவர் இருவரையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து மூன்று அணிகளை உருவாக்கினார். மைதானத்தைப் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பச் சுருக்கினார். உள்ளூர் நிறுவனங்களிடம் அலைந்து ஆதரவு கேட்டார். ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் மரக் கம்பெனியின் பெயர் தாங்கிய அணி, பால் பண்ணையின் பெயர் தாங்கிய அணியை 23-8 என்று வென்றது. வேலை முடிந்து வந்த பெரியவர்கள், சம்பளம் இல்லாமல், தங்கள் தெருப் பிள்ளைகளுக்காக நடத்திய ஆட்டம். அந்த அடித்தளத்தை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. உள்ளூர் அளவில் லீகை நடத்துவோர் எல்லாரும் தன்னார்வலர்கள். தன்னார்வமாக மாலைகளையும் சனி ஞாயிறுகளையும் கொடுக்க யார் முன்வருவார்? அங்கே பிள்ளை ஆடுகிறவர்தான். பிள்ளை வளர்ந்து வெளியேறியதும் பெரும்பாலோர் தாமும் வெளியேறிவிடுகிறார்கள்.

லீக் யாருக்காக நடக்கிறது என்ற கேள்வியில் முதலில் மனம் நொந்தவர் அதைத் தொடங்கியவரே. அமைப்பு பெரிதாகி, ரப்பர் நிறுவனம் ஒன்றின் பணமும் அதிகாரிகளும் தலைமையகத்துக்குள் வந்தபோது, இது தான் தொடங்கிய லீக் இல்லை என்று ஸ்டாட்ஸ் முரண்பட்டார். 1950களின் நடுவில் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அவர் விலகி, அதே ஊரில் தனியாக ஒரு சிறிய லீகை நடத்தினார்.

லிட்டில் லீகின் அமைப்பு எழுத்தில் மோசமாக இல்லை. ஒவ்வொரு ஊர் லீக்கும் வில்லியம்ஸ்போர்ட் தலைமையகத்திடம் ஆண்டுதோறும் அனுமதிப் பட்டயம் பெறுகிறது. உள்ளூர் உறுப்பினர்கள் ஆண்டுக்கொரு முறை நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அணி மேனேஜர்களைத் தலைவர் நியமிக்க, குழு ஒப்புதல் தருகிறது. பல லீக்குகளை உள்ளடக்கிய மாவட்டத்துக்கு ஒரு நிர்வாகி உண்டு. அவரும் தன்னார்வலர், அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த லீக்குகளின் தலைவர்கள். சுயநலம் குறுக்கிடும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. குழுவில் மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் சிறுபான்மையாகத்தான் இருக்கலாம். லீக் தலைவர் ஆல்ஸ்டார் அணிக்கு மேனேஜராகவோ பயிற்சியாளராகவோ இருக்கக் கூடாது. பிள்ளைகளை அணிகளுக்குப் பிரிக்கும் வேலையை மேற்பார்வையிடும் ‘பிளேயர் ஏஜென்ட்’, தன் பொறுப்பில் உள்ள பிரிவில் பயிற்சி கொடுக்கக் கூடாது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளையை ஆட விடாமல் தடுக்கக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது.

விதிகள் மேனேஜரைக் குழுவில் சிறுபான்மை ஆக்குகின்றன. ஆனால் குழுவில் உள்ள பொருளாளரின் மகன் ஆடுவதையோ, உபகரணப் பொறுப்பாளரும் மேனேஜரும் பத்தாண்டு நண்பர்கள் என்பதையோ எந்த விதியாலும் தொட முடியாது. புகார் கொடுக்கப் போகும் தாய் முதலில் போவது அந்தக் குழுவிடம். அங்கே கிடைக்காவிட்டால் மாவட்ட நிர்வாகியிடம். அவருடைய பதவியோ இதே தலைவர்களின் வாக்கில் நிற்கிறது. அதற்கு மேல் வட்டார அலுவலகம் இருக்கிறது என்றாலும், யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதை அது உள்ளூர் விஷயமாகவே கருதும். ஆகவே முறையீடு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அணி பிரிக்கும் மாலையைப் பார்க்க வேண்டும். பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் எண் ஒட்டிய சட்டையோடு வரிசையில் நின்று, சில பந்துகளை அடித்து, சில பந்துகளைப் பிடித்து, கொஞ்சம் ஓடிக் காட்டுவார்கள். மேனேஜர்கள் ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் போடுவார்கள். பிறகு ஒரு மாலை, பெற்றோருக்கு அனுமதி இல்லாத அறையில், மேனேஜர்கள் சுற்று முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். மேனேஜர் தன் சொந்தப் பிள்ளையைத் தன் அணியிலேயே வைத்துக்கொள்ள உரிமை கேட்கலாம். குறிப்பிட்ட சுற்றுக்குள் அவனை எடுத்தாக வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். அப்பா ஓர் அணியிலும் மகன் எதிரணியிலும் இருந்தால் குடும்பத்துக்குச் சிரமம். ஆனால் முதல் சுற்றிலேயே பறந்திருக்க வேண்டிய பையன் பிந்திய சுற்றில் கிடைக்கிறான் என்றால், அந்த மேனேஜர் முதல் சுற்றில் இன்னொரு நல்ல ஆட்டக்காரனை எடுத்துவிடுகிறார். அவர் துணைக்கு அழைத்துக்கொள்ளும் பயிற்சியாளர் ஊரின் சிறந்த பிட்சருடைய தந்தையாக இருந்தால், ஆதாயம் இரட்டிப்பு. தேர்வுச் சனிக்கிழமையன்று, மற்றவர்கள் கண்ணில் படாதிருக்க வேண்டுமென்று நல்ல ஆட்டக்காரனை வேண்டுமென்றே சுமாராக ஆடச் சொல்வதும் இந்த லீக்குகளில் பழகிப்போன குற்றச்சாட்டு. சில ஊர்களில் ஒரே அணி ஆண்டுதோறும் வெல்வதற்குக் காரணம் தேடுபவர்கள் அந்த மூடிய அறையிலிருந்து தொடங்கலாம்.

அடுத்து, யார் எவ்வளவு நேரம் ஆடுவது. லிட்டில் லீக் ஆட்டம் ஆறு இன்னிங்ஸ். ஓர் அணி களத்தில் நிற்கும்போது மொத்தம் பதினெட்டு அவுட்டுகள் எடுக்க வேண்டும். விதி சொல்லும் குறைந்தபட்சம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அவுட் அளவுக்குக் களமும், ஒரு முறை பேட் செய்யும் வாய்ப்பும். அதாவது ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதைச் சரியாக அளந்து கொடுத்துவிட்டால் மேனேஜர் விதியை மீறவில்லை. அந்த ஆறு அவுட்டையும் களத்தின் வலப்புறக் கோடியான ரைட் ஃபீல்டில் நிற்க வைத்துக் கழிக்கலாம். அந்த வயதில் பந்து அங்கே அதிகம் வராது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பையன் பந்தைத் தொடாமல், ஒரே ஒரு முறை மட்டையோடு நின்று, நான்கு பந்தில் அவுட்டாகி வீட்டுக்குப் போகலாம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக பேட் செய்யும் முறைக்குப் பல லீக்குகள் மாறியிருப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் களத்தில் எந்த இடம் என்பது முழுக்க மேனேஜரின் கையில். பந்தை எறியும் பிட்சர், முட்டிபோட்டுப் பிடிக்கும் கேட்சர், நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆகியோரைச் சுற்றித்தான் ஆட்டம் நடக்கிறது. பத்து வயதில் அந்த இடங்களில் நின்றவன் பழகிப் பழகித் தேறுகிறான், நிற்காதவன் பின்தங்குகிறான். பன்னிரண்டு வயதில் ஆல்ஸ்டார் தேர்வு வரும்போது மேனேஜரின் மகன் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரனாக இருப்பான். தேர்வு நேர்மையாகவே நடந்தாலும் பெற்றோருக்கு அது அநீதியாகப் படுவது இதனால்தான். இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த வித்தியாசம் அந்த ஒரே நாளில் வெளியே தெரிகிறது.

பெற்றோரை ஒன்றுமறியாதவர்களாகக் காட்டுவதும் தவறு. 2019 ஜூனில் கொலராடோவின் லேக்வுட்டில் ஏழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில், பெரியவர்கள் களத்துக்குள் இறங்கிக் கைகலப்பில் ஈடுபட்டார்கள். சண்டைக்குக் காரணமான தீர்ப்பைச் சொன்ன அம்பயருக்கு வயது 13. நியூஜெர்சியின் டெப்ட்ஃபோர்டு லீக்கில், வசவு தாங்காமல் அம்பயர்கள் விலகத் தொடங்கியதும், 2023இல் புதிய விதி கொண்டுவந்தார்கள்: அம்பயரைத் திட்டும் பார்வையாளர், தாமே மூன்று ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றால்தான் மறுபடி உள்ளே வரலாம். நாடு முழுவதும் அந்த விதி பேசப்பட்டது. ஆனால் அது தீர்த்து வைப்பது வேலிக்கு வெளியே இருப்பவரின் நடத்தையை மட்டுமே. மேனேஜரின் முடிவுகள் மேல் உள்ள கோபம் முறையாகப் போய்ச் சேர வழி இல்லாதபோது, அது அருகில் கிடைப்பவர் மேல் பாய்கிறது. அருகில் நிற்பது பெரும்பாலும் அம்பயர்.

பெரியவர்களின் ஆசைக்குப் பிள்ளைகள் விலை கொடுத்த நிகழ்வுகள் இந்த அமைப்பின் வரலாற்றில் குறைவில்லை. 1955இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ.வின் கறுப்பினச் சிறுவர் அணியோடு ஆட மறுத்து வெள்ளையர் லீக்குகள் மொத்தமாக விலகிக்கொண்டன. களத்தில் வென்று வரவில்லை என்பதைக் காரணம் காட்டி அந்தப் பிள்ளைகளுக்கு மேல் சுற்று மறுக்கப்பட்டது. வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தினராக அழைத்துப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தார்கள். ‘அவர்களை ஆட விடுங்கள்’ என்று கூட்டம் குரல் எழுப்பியும் பயனில்லை. 2001 உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்ஸ் அணி மூன்றாம் இடம் பிடித்த பிறகு, அதன் நட்சத்திர பிட்சருக்குப் பன்னிரண்டு அல்ல, பதினான்கு வயது என்று தெரிந்து வெற்றிகள் ரத்தாயின. ஆவணத்தைத் திருத்தியவர்கள் பெரியவர்கள். 2014இல் அமெரிக்கப் பட்டத்தை வென்ற சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணியிடமிருந்து, அடுத்த பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டது. லீக்குக்கு வகுத்த எல்லைக்கு வெளியே வசித்த ஆட்டக்காரர்களைச் சேர்க்க நிர்வாகிகள் வரைபடத்தை மாற்றியிருந்தார்கள். வரைபடம் வரைந்தது எந்தப் பிள்ளையும் அல்ல. ஆனால் நகரமே ஊர்வலம் நடத்திக் கொண்டாடிய பிள்ளைகளிடமிருந்துதான் பட்டம் போனது.

உள்ளூர் லீக்கோடு மல்லுக்கட்டி அலுத்த பெற்றோருக்கு இன்று ஒரு மாற்று வழி இருக்கிறது: ட்ராவல் பால். தனியார் நடத்தும் அணிகள். கட்டணம் கட்டி, தேர்வில் வென்று சேர வேண்டும். வார இறுதிகளில் தொலைவான ஊர்களில் போட்டிகள். ஓர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் போகும். பல போட்டிகளில், நடத்துபவர் குறிக்கும் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கின்படி, 2024இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குச் செலவிட்ட சராசரித் தொகை 1,016 டாலர். 2019ஐ விட 46 விழுக்காடு அதிகம். மட்டை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2018 தொடக்கத்தில் லிட்டில் லீக் புதிய மட்டைத் தரத்துக்கு மாறியது. முந்தைய ஆண்டு வாங்கிய மட்டைகள் பல ஒரே நாளில் செல்லாமல் போயின. ட்ராவல் போட்டிகள் பலவற்றில் இன்னும் துள்ளலான மட்டைக்கு அனுமதி உண்டு. அது லிட்டில் லீகில் செல்லாது. இரண்டிலும் ஆடும் பையனுக்கு இரண்டு மட்டை, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டாலர், அடுத்த ஆண்டு அவன் உயரம் கூடிவிட்டால் மறுபடியும் புதிது.

தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் ஆட்டக்காரர் ஆண்ட்ரூ மெக்கட்சன், சிகாகோ பட்டம் பறிபோன அதே 2015 பிப்ரவரியில், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் செலவு எப்படிக் கதவடைக்கிறது என்று தன் அனுபவத்திலிருந்தே எழுதினார். பணம் ஒரு பக்கம் என்றால் உடல் இன்னொரு பக்கம். 2007இல் லிட்டில் லீக், பிட்சர்கள் எறியும் பந்துகளை எண்ணிக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதினருக்கு நாளொன்றுக்கு 85 பந்து. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. அருமையான விதி. ஆனால் அது லீக் ஆட்டங்களை மட்டுமே எண்ணுகிறது. வியாழக்கிழமை லீக்கில் எழுபது பந்து எறிந்த பையன் ஞாயிற்றுக்கிழமை ட்ராவல் அணிக்காக எறிவதை எந்தக் குறிப்பேடும் பதிவதில்லை. அந்த எண்ணிக்கையைச் சேர்த்து வைத்திருக்கக் கூடிய ஒரே ஆள் பெற்றோர். 2015 ஜூலையில், பேஸ்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, தானே முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ், தன் ஏற்புரையில் நேரம் ஒதுக்கிப் பெற்றோரிடம் கெஞ்சியது இதைத்தான்: வருடம் முழுவதும் ஆட வைக்காதீர்கள்.

ட்ராவல் பாலின் விளைவுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. லீக் சரியில்லை என்று உணர்ந்து, எதிர்த்துப் பேசத் துணிவும் வசதியும் உள்ள பெற்றோர்தான் முதலில் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். குழுவை மாற்றக்கூடியவர்கள் போய்விட, பழைய குழுவும், வேறு போக்கிடம் இல்லாத குடும்பங்களும் எஞ்சுகிறார்கள். ஆட்டத்தின் தரம் குறைகிறது. அதைக் காட்டி இன்னும் சிலர் போகிறார்கள்.

நியூஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பா, தெரியாத ஆட்டத்துக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று ஒதுங்கி நிற்கிறார். ஒதுங்கியவருக்கு டிராஃப்ட் அறையில் என்ன நடந்தது என்று தெரிய வழியில்லை. தின்பண்டக் கடையில் நிற்பது, களத்தைச் சுத்தம் செய்வது போன்ற தன்னார்வ வேலைகளுக்குப் பல லீக்குகள் பதிவின்போதே ஒரு காசோலையை வாங்கி வைத்துக்கொண்டு, வேலைக்கு வராவிட்டால் அதைப் பணமாக்கிக்கொள்கின்றன. நம்மவர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவார். ஆனால் நிர்வாகக் குழுவில் கணக்குப் பார்க்கவோ பதிவு வேலை செய்யவோ பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த நாற்காலிகள் பல ஊர்களில் ஆள் இல்லாமல் காலியாகவே கிடக்கின்றன.

இந்த அமைப்பு மாறவே மாறாது என்பதும் சரியில்லை. 1972இல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடியதும், அவளை நீக்காவிட்டால் ஊர் லீகின் பட்டயம் பறிக்கப்படும் என்று தலைமையகம் மிரட்டியது. வழக்கு நடந்தது, 1973இல் மாநில விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் சிறுமிகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார், 1974இல் நாடு முழுவதும் கதவு திறந்தது. மரியாவுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. பந்து எண்ணும் விதியும் அப்படித்தான்: சிறுவர்களின் தோள்களும் முழங்கைகளும் பழுதாவதை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காட்டிய பிறகு வந்தது. இரண்டிலும் குறை ‘என் பிள்ளைக்கு இடம் தரவில்லை’ என்ற நிலையைத் தாண்டி, எல்லாப் பிள்ளைகளுக்குமான விதியைப் பற்றியதாக மாறியிருந்தது. ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் மேனேஜரை மறித்துப் பேசும் தந்தை எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும், தன் மகனுக்காக வாதாடுபவராகவே தெரிவார். ‘ஆல்ஸ்டார் அணியை யார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த முறை பருவம் தொடங்குமுன் எழுத்தில் வெளியிடப்படுமா’ என்று குழுக் கூட்டத்தில் கேட்பவரை அப்படித் தள்ளிவிட முடியாது.

லீகின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. ஆகவே புதிய குழுத் தேர்தல் பல ஊர்களில் கோடை முடியும் தறுவாயில் நடக்கும். ஆட்டம் ஓய்ந்து, ஜூன் மாதக் கோபம் ஆறி, பள்ளி திறந்து எல்லாரும் வேறு வேலையில் இருக்கும் நேரம். கூட்டத்துக்கு வருபவர்கள் ஏற்கெனவே குழுவில் இருப்பவர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான். சில ஊர்களில் பொருளாளரே லீக் பணத்தைக் கையாடிக் கைதான செய்திகள் வந்திருக்கின்றன. அங்கெல்லாம் யாரும் கணக்கைக் கேட்காமல் ஆண்டுகள் கடந்திருக்கும். உறுப்பினராகப் பதிந்துகொண்ட பெற்றோருக்கு அன்று வாக்கு இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். குறைந்தபட்ச ஆட்ட நேரத்தை உள்ளூர் விதியிலேயே உயர்த்தச் சொல்லலாம். பிள்ளை ஆடாத ஒருவரை, வளர்ந்த பிள்ளைகளின் தந்தையையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோ பிளேயர் ஏஜென்டாக முன்மொழியலாம். அந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு விதிப் புத்தகத்தில் எந்தத் தடையும் இல்லை.